நூலுக்குச் சாட்சி சொல்வோர்

நல்ல விருந்துண்டு வந்தவர் அதனை வீட்டாரிடம் விரித்துரைக்காமல் உறங்குவதில்லை. நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவரும் அவ்வாறே. எவரிடமேனும் அதுபற்றிப் பேசினால்தான் அவர் மனம் ஆறும். நம் குடும்பங்களிலும் இப்பேச்சு இன்று இல்லாமற் போய்விடவில்லை. இஷாத் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் திண்ணையிலும், திருமண வீட்டுப் பந்தலிலும், பெண்கள் கூடியமரும் உள்முற்றத்திலும் அண்மையில் படித்த நூல்களைப் பற்றிய கருத்துகள் வழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அக்கருத்துகள் எத்தகையன என்று சற்றுச் செவிசாய்த்துக் கேட்போமாயின், நம் மகிழ்ச்சி பாதியாகக் குறைந்துவிடுகிறது.

"அருமையான நூல்" என்பார் ஒருவர். "அதைக் கையால் தொடவும் கூடாது" என்பார் மற்றொருவர். "நம் சமுதாயத்தின் மானத்தை வாங்கிவிட்டார்" என்பார் மூன்றாமவர். "நம்மவர் ஒருவருக்குப் பரிசு கிடைத்திருக்கிறதே, அது போதாதா?" என்பார் நான்காமவர். இந்நான்கு கூற்றுகளையும் உரைத்துப் பாருங்கள். எந்த நூலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை இவற்றுள் ஒன்றைக்கொண்டேனும் அறிந்துகொள்ள முடிகிறதா? எந்த நூலுக்கும் பொருந்தும் சொல் எந்த நூலுக்கும் உரியதன்று. பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவற்றுள் ஒன்று மற்றொன்று விரித்தல். நூலாசிரியர்க்கென அவர் சொன்ன அக்குற்றத்தை இன்று பெரிதும் செய்கிறவர்கள் நூலைப்பற்றிக் கருத்துரைக்கும் நாமே.

ஒரு நூலைப்பற்றிக் கருத்துரைப்பது ஒருவகையில் சாட்சியம் கூறுவதாகும். கேட்பவர் அந்நூலைப் பார்த்திராதவர். நம் சொல்லை நம்பி அதனை வாங்குகிறார், அல்லது வெறுக்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார், அல்லது அவர்கள் கையிலிருந்து பறிக்கிறார். சாட்சியத்துக்கு நம் மார்க்கத்தில் எத்துணைப் பெரிய பொறுப்புண்டு என்பதை வாசக நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் சொல்லை எடைபோடுவதற்கென்றே நம் முன்னோர் ஒரு தனிக்கலையை வளர்த்தார்கள் என்பதையும், அக்கலையின் விதிகள் இன்று நாவலுக்கும் காவியத்துக்கும் கருத்துரைப்போருக்கு எவ்வளவு பயன்படும் என்பதையும் எடுத்துரைத்தல் தகும்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களின் தகுதியை ஆராய்ந்த முறைக்கு 'ஜர்ஹ் – தஃதீல்' என்று பெயர். ஜர்ஹ் என்பது குறைகூறல். தஃதீல் என்பது நம்பகமானவர் என்று நிலைநாட்டல். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் இதுபற்றிய பழைய விதியொன்றைத் தெளிவுபடுத்துகிறார். குறை கூறுகிறவர் அதன் காரணத்தையும் விளக்கிக் கூறினாலன்றி அக்குறை ஏற்கப்படாது. ஏன்? எது குறை என்பதிலேயே மனிதர்கள் வேறுபடுகிறார்கள். ஒருவர் குறையென்று எண்ணியது ஆராய்ந்து பார்த்தால் குறையாகவே இராது.

இதற்கு அவர்கள் காட்டும் சான்று சுவையானது. பஸ்ராவில் வாழ்ந்த ஷுஃபா (ரஹ்) அறிவிப்பாளர்களை ஆராய்வதில் தலைசிறந்தவர். ஹிஜ்ரி 160இல் மறைந்தவர். இன்னாரின் ஹதீஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அவரிடம் ஒருமுறை வினவப்பட்டது. அம்மனிதர் மட்டக்குதிரை ஒன்றை விரட்டி ஓட்டியதைத் தாம் கண்டதாகவும், ஆதலால் விட்டுவிட்டதாகவும் அவர் விடையிறுத்தார். குதிரையை விரட்டியவர் பொய்யராகிவிடுவாரா? ஷுஃபாவைப் போன்ற பேரறிஞரே இத்தகைய காரணத்தால் ஒருவரைத் தள்ளியிருக்கிறார் எனில், காரணம் கூறாத கண்டனத்தை எங்ஙனம் நம்புவது? கதீப் அல் பக்தாதி (ரஹ்) போன்றோர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தது ஷுஃபாவைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. காரணத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்னும் பாடத்தை நமக்குக் கற்பிப்பதற்கேயாம்.

இதனோடு இன்னொரு வழக்கத்தையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். திமிஷ்கு நகரத்துப் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் நூல்கள் சபையில் உரக்கப் படிக்கப்பட்டன. படித்து முடிந்ததும், யார் முன்னிலையில் ஓதப்பட்டது, ஓதியவர் யார், எந்நாளில், எவ்விடத்தில், கேட்டவர் யாவர் என்று அச்சுவடியிலேயே குறித்து வைத்தார்கள். இக்குறிப்புகளுக்கு 'ஸமாஆத்' என்று பெயர். ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான திமிஷ்குக் குறிப்புகளைத் தொகுத்த பெயரடைவொன்று 1996இல் வெளிவந்துள்ளது. அக்குறிப்புகளில் ஆலிம்களோடு வணிகர்களும் பெண்களும் சிறுவர்களும் இடம்பெறுகிறார்கள். முழுவதும் கேட்டவரும் ஒரு பகுதியைத் தவறவிட்டவரும் அவற்றில் சமமாக எழுதப்படவில்லை. தவறியவருக்குத் தவறியது என்றே குறிக்கப்பட்டது. கேளாத பக்கத்துக்கு எவரும் சாட்சியாக முடியாது என்பதே அதன் பொருள்.

எவ்வளவு படித்தாய், எதனால் அவ்வாறு கூறுகிறாய் என்னும் இவ்விரு வினாக்களையும் கையிலேந்திக்கொண்டு, நம்மவர் வாயில் அடிபடும் மூன்று நூல்களைப் பற்றிய கருத்துகளை எடை போட்டுப் பார்ப்போம்.

முதலாவது சீறாப்புராணம். உமறுப் புலவரின் இக்காவியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களும் கொண்டது, 1842இல் அச்சேறியது. இதனைப் புகழாத மேடை நம்மிடையே இல்லை. ஆனால் புகழ்வோருள் பலர் பாடநூலில் வந்த சில விருத்தங்களுக்கு அப்பால் சென்றவரல்லர். இவர்களை ஸமாஆத் எழுதும் கையில் ஒப்படைத்தால் "பெரும்பகுதி தவறியது" என்றே குறிக்க நேரிடும். படிக்காமல் இகழ்வது பிழையெனில் படிக்காமல் புகழ்வதும் பிழையே. நூலைப் பேழையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தொலைக்கும் செயலுக்கு மரியாதை என்று பெயரிட்டுக்கொள்கிறோம்.

படித்தவர்கள் கூறும் இரண்டு குறைகளை நாம் கேட்டிருக்கிறோம். அவ்விரண்டும் காரணத்தோடு கூடியவை, ஆதலின் மதிக்கத்தக்கவை. அறபு நாட்டில் ஆறு பெருகுவதாகவும் நெல் விளைவதாகவும் நாட்டுப் படலத்தில் பாடியிருக்கிறாரே, இது தகுமா என்பது ஒன்று. காவிய மரபு அதுவென்று விடை கூறலாம். கம்பர் கோசலத்துக்குக் காவிரி வளத்தைக் கொடுத்தார். உமறுப் புலவர் அறபகத்துக்குத் தாமிரபரணியின் வளத்தைக் கொடுத்தார். கேட்போர் தம் கண் கண்ட செழிப்பைக்கொண்டே ஒரு மண்ணின் சிறப்பை உணர்வர். ஆனால் குறைகூறுவோர் அத்தோடு நிறுத்தாமல், மக்காவை விளைச்சலற்ற பள்ளத்தாக்கு என்று திருமறையே (14:37) குறிப்பிடுகிறதே, அவ்வறட்சியை மறைத்துவிட்டால் அம்மண்ணில் பெருமானார் (ஸல்) பட்ட பாடு எங்ஙனம் விளங்கும் என்று மேலும் கேட்பாராயின், மரபு என்னும் ஒரு சொல்லால் அவரை அடக்கிவிட முடியாது. அது நூலுக்குள் நுழைந்து கேட்ட கேள்வி. சிந்தித்தே விடை கூற வேண்டும். நம் கருத்தில், தொடக்கத்துச் செழிப்பு ஒரு வாழ்த்து. காவியம் நபியவர்களின் வாழ்வுக்குள் செல்லச்செல்லப் பாலையும் பசியும் தமக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முழுவதும் படித்தவரே இதனைக் காண்பார்.

மற்றொன்று மானுக்குப் பிணைநின்ற படலம் பற்றியது. வேடனிடம் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப விடை கேட்கிறது. பெருமானார் (ஸல்) அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னவாறே கன்றுடன் மீண்டு வருகிறது. இந்நிகழ்ச்சி பைஹகீ (ரஹ்) அவர்களின் 'தலாஇலுன் நுபுவ்வா' போன்ற நூல்களில் இடம்பெறுவது. அதன் அறிவிப்பாளர் தொடரைக் குறைகண்ட முஹத்திதுகளும் உண்டு. ஆதலின் அப்படலத்தையே ஒதுக்கிவிட வேண்டும் என்கிறார் சிலர். இங்கே இரண்டு வினாக்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. அறிவிப்பின் வலிமை என்ன என்பது ஒன்று. அதனை ஹதீஸ் கலை கொண்டே அளக்க வேண்டும், கவிதையின் இனிமை அங்கே சாட்சியாகாது. படலம் கவிதையாக நிற்கிறதா என்பது மற்றொன்று. அதற்குத் தமிழே அளவுகோல். 'பிணை' என்னும் சொல் தமிழில் பெண்மானையும் குறிக்கும், ஈடாக நிற்பதையும் குறிக்கும். பிணைக்குப் பிணையாக நின்றார்கள் என்று கேட்டமாத்திரத்தில் தமிழ்ச் செவி பெறும் இன்பத்தை, அறபியில் கஃபாலத் என்னும் சொல் தருவதில்லை. வாய்பேசாப் பிராணியின் வாக்குக்கு ஈடுநிற்கும் கருணையையும், வாக்கைக் காத்து மீளும் தாயையும் அச்சொல் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. முதல் வினாவுக்குரிய விடையைக்கொண்டு இரண்டாவதை அடித்துவிடுவதும், இரண்டாவதன் மயக்கத்தில் முதலாவதை மறப்பதும் ஒன்றுபோல் தவறேயாம்.

இரண்டாவது நூல், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. ஆசிரியர் 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019இல் மறைந்தவர். 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். பரிசைச் சொல்லிப் பெருமைப்படுவோர் பலர். அவருள் அச்சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யாரென்று கேட்டால் விழிப்போர் பலர். அவர்களை விட்டுவிடுவோம்.

கடலோரக் கிராமத்தைப் பற்றி நாம் கேட்கும் கண்டனம், நம் குறைகளைப் பிறர் முன் விரித்துக் காட்டிவிட்டார் என்பது. எந்தப் பக்கத்தில் எந்தக் குறையை, எந்நோக்கில் காட்டினார் என்று கேட்டால் விடை வருவதில்லை. நூலைத் திறந்து பார்ப்போம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையே தம் கைக்குள் வைத்திருப்பவர். ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதை அவர் விரும்பவில்லை. மந்திர நீரோதிக் கொடுத்து மக்களை ஏய்க்கும் தங்ஙள் ஒருவர் அவ்வூரில் மதிப்புப் பெறுகிறார். இவ்வளவையும் சொல்லி, இது மார்க்கத்தை இழிவுபடுத்துவதன்றோ என்பார்கள். ஆனால் முதலாளியை எதிர்த்து நிமிர்ந்து நிற்பவர் யார்? சுறாப்பீலி வணிகர் மஹ்மூது. அவர் மார்க்கத்தை விட்டவரல்லர். வெளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரருமல்லர். அல்லாஹ்வுக்கன்றி முதலாளிக்கு அஞ்சமாட்டேன் என்னும் உறுதியே அவருடைய வலிமை. ஆகவே இக்கதையில் நிகழும் போர் மார்க்கத்துக்கும் மார்க்கமின்மைக்கும் இடையில் அன்று. இறையச்சத்துக்கும், மார்க்கத்தின் பெயரைச் சூடிக்கொண்ட ஆதிக்கத்துக்கும் இடையில். இப்போர் நமக்குப் புதியதா? ஜும்ஆ மேடைகளில் நாமே எடுத்துரைப்பதன்றோ? முதலாளியை மட்டும் படித்து மஹ்மூதை விட்டவர் கூறும் சாட்சியம் பாதிச் சாட்சியமே.

இந்நாவலுக்குக் குறையே இல்லையா எனின், உண்டு. மொழி விளங்கவில்லை என்று சென்னையிலும் வேலூரிலும் உள்ள வாசகர்கள் கூறுவது நியாயமானது. தேங்காய்ப்பட்டணம் 1956 வரை மலையாள நாட்டோடு இணைந்திருந்த ஊர். ஆசிரியரின் கல்வியும் மலையாளத்திலேயே அமைந்தது. அம்மண்ணின் பேச்சு அப்படியே ஏட்டில் ஏறியிருக்கிறது. அதுவே கதைக்கு உயிர். அதுவே புதிய வாசகருக்கு முட்டுக்கல். மேலும், தங்ஙள் என்னும் பாத்திரம் முழுவதும் ஏமாற்றுக்காரராகவே வார்க்கப்பட்டிருப்பதை நாம் குறையாகவே கருதுகிறோம். அவரைப் பார்த்து வாசகர் எளிதில் சிரித்துவிடுகிறார்; தம் ஊரிலும் தாம் ஏமாறக்கூடும் என்று அஞ்சுவதில்லை. முதலாளியை வரைந்தபோது ஆசிரியர் இப்பிழையைச் செய்யவில்லை. அவருடைய வீழ்ச்சியில் நாம் மகிழ எண்ணும் இடத்திலேயே நம்மை இரங்கவும் வைத்துவிடுகிறார். அந்த இரக்கத்தில் ஒரு துளி தங்ஙளுக்கும் கிடைத்திருந்தால் நாவல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். இது நம் கருத்து. மறுப்போர் காரணம் காட்டி மறுக்கட்டும், ஏற்கக் காத்திருக்கிறோம்.

"அப்படியே எங்கள் ஊர்தான்!" என்று இந்நாவலை மெச்சுவோருக்கும் ஒரு சொல். அது அன்பான பாராட்டே; ஆனால் அது அவருடைய ஊரைப் பற்றியது. தாம் முன்பே அறிந்த ஊரில் முன்பு காணாத எதனை இந்நூல் காட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அப்பாராட்டு முழுமை பெறும்.

மூன்றாவது, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004இல் வெளிவந்த இந்நாவல் முஸ்லிம் வீடுகளுக்குள் பெண்கள் வாழும் வாழ்வை, ராபியா என்னும் சிறுமியையும் அவளைச் சூழ்ந்த பெண்களையும் கொண்டு சொல்கிறது. மற்ற இரண்டைக் காட்டிலும் இதன்மீது எழும் கண்டனம் கடுமையானது. படித்தவர் தொகையோ குறைவு. எவரோ எடுத்துக் காட்டிய இரண்டொரு பக்கங்களைக்கொண்டு முழுநூலுக்கும் தீர்ப்பளித்தவர்களே மிகுதி.

கண்டனத்துக்குக் கூறப்படும் காரணம் நாணம். நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆதலின் இக்காரணத்தை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். ஆயினும் காரணத்தை அளந்து பார்க்க வேண்டும். மறைவான செய்தியை வெளிப்படக் கூறுவது ஒன்றே குற்றமெனில், மாதவிடாயையும் பெருந்தொடக்கையும் தாம்பத்திய உரிமைகளையும் விளக்கும் ஃபிக்ஹு நூல்களை நம் மதரஸாக்களில் பதின்பருவத்து மாணவர்க்கு எங்ஙனம் ஓதிக்கொடுக்கிறோம்? அங்கே கற்பித்தல் என்னும் நோக்கம் அச்சொல்லைக் காக்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, வெளிப்படக் கூறினாரா என்பதன்று. கூறியதற்கு அவ்விடத்தில் தேவை இருந்ததா என்பதே. சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை என்று படித்த ஒருவர் இடஞ்சுட்டிக் கூறுவாராயின் அது திறனாய்வு. நாவலில் மாந்தர் மிகப் பலர், உறவுமுறைகள் பிடிபடச் சில அத்தியாயங்கள் ஆகின்றன என்று கூறினாலும் அதுவும் திறனாய்வே. "தொடக்கூடாது" என்பது திறனாய்வன்று. மட்டக்குதிரை ஓட்டினார் என்று கூறுமளவுக்குக்கூடக் காரணம் காட்டாத ஜர்ஹ்.

இதனால் விளையும் கேடு நூலாசிரியரைத் தாக்குவதோடு நிற்பதில்லை. வீட்டில் வாப்பா ஒரு நூலைப் படிக்காமலே பழித்துரைக்க மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளோ அதனைத் தோழியிடம் இரவல் வாங்கிப் படித்து முடித்தவளாக இருக்கக்கூடும். அதில் வரும் ஒரு பெண்ணின் துயரத்தைப் பற்றி அவளுக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கும். ஏற்கமுடியாத இடங்களும் இருக்கும். அவற்றை அவள் இனி உம்மாவிடமும் கேட்கமாட்டாள், வாப்பாவிடமும் கேட்கமாட்டாள். நூலை மறைத்து வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கருத்தையும் மறைத்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. நல்லது கெட்டதைப் பிரித்தறியக் கைகொடுக்க வேண்டிய வயதில் அதனைத் தனியே விட்டுவிடுகிறோம். ஒரு தீய நூல் செய்யும் தீங்கைவிட இத்தனிமை செய்யும் தீங்கு பெரிதென்றே நாம் அஞ்சுகிறோம்.

எழுத்தாளருக்கும் இதனால் இழப்பே. காரணமற்ற பழி வந்தால் அவர் தம் சொந்தச் சமுதாய வாசகரைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகிறார். காரணமற்ற புகழ் வந்தால் திருந்துவதை விட்டுவிடுகிறார். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஹதீஸ் கலையில் ஒருவரை நம்பகமானவர் என்று கூறக் காரணம் கேட்பதில்லை. நற்குணத்துக்குரிய காரணங்களை எண்ணி முடியாது என்பதால் அவ்விதி. நூல் விஷயத்தில் அச்சலுகை வேண்டாம் என்பது நம் துணிபு. மனிதரின் நற்குணம் எண்ணற்றதாகலாம். நூலின் நயமோ பக்கத்தைப் புரட்டிச் சுட்டிக்காட்டக்கூடியது. பழிப்பவரிடம் கேட்கும் காரணத்தைப் புகழ்பவரிடமும் கேட்போம்.

பேரறிஞர்களுக்கு மட்டுமே இது இயலும் என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. திமிஷ்கின் சபைகளில் சிறுவர்க்கும் இடமிருந்ததைக் கண்டோம். மானின் கதையைக் கேட்ட பேரன் "வேடன் முதலில் ஏன் நம்பவில்லை?" என்று வினவினால், அப்படலத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டான் என்று பொருள். அக்கேள்விக்கு உம்மம்மா கூறும் விடை, மேடையில் பேசப்படும் பத்துப் புகழுரைகளுக்கு மேலானது.

ஆதலின் வாசக நேயர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. அடுத்தமுறை ஒரு நூலைப் பற்றிப் பேச்செழும்போது, எவ்வளவு படித்தோம் என்பதை முதலில் சொல்வோம். பாதியெனில் பாதியென்றே சொல்வோம். பிடித்ததோ பிடிக்காததோ எந்த இடம் என்று சுட்டுவோம். ஏன் என்று ஒரு காரணம் கூறுவோம். வீட்டில் இளையவர் மாறுபட்ட கருத்துச் சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்பதற்கு மாறாக, "எந்தப் பக்கத்தில்?" என்று கேட்போம். அப்பக்கத்தை இருவரும் சேர்ந்து திறக்கும் வேளையில் அவ்வீடு ஓர் இலக்கிய சபையாகிவிடுகிறது.

அறிந்ததற்கு மட்டும் சாட்சி கூறும் நாவையும், அறியாததை அறியும்வரை பொறுக்கும் நெஞ்சையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.